கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்

அவள் கேட்டவுடன் எழுந்து சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டீர்களே அக்கா, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? சங்கரன்கோவிலில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஏறினோம். ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் எழுந்துபோய் உங்களிடம் "அக்கா, கொஞ்சம் அங்க உக்காருதீங்களா, எனக்கு ஜன்னல் சேராது" என்றாள். இப்போது உட்கார்ந்திருப்பது எங்கே? ஜன்னல் ஓரம். பாருங்கள், முன்னால் மூன்றாவது வரிசையில் பச்சைத் துப்பட்டா. முப்பிடாதி என்று பெயர். என் அறைத்தோழி. ஜன்னல் சேராதாம். சேராதது நான்.

நீங்கள் சரி என்று எழுந்து வந்துவிட்டீர்கள். அதனால் நீங்களும் இதில் ஒரு கட்சி ஆகிவிட்டீர்கள். இனி இரண்டு பக்கமும் கேட்பதுதான் முறை. அவள் பக்கத்தைச் சொல்ல மாட்டாள். நேற்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஆகவே அவள் பக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை. கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் வெட்டியும் ஒட்டியும் நானே பேசி இரண்டு பக்கமும் பரிசு வாங்கியிருக்கிறேன்.

என் பெயர் எமிமா. பாளையங்கோட்டை. எம்.ஏ. அரசியல் அறிவியல். அவள் எம்.எஸ்சி. இயற்பியல். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறை. டிக்கியில் ஒரு சைக்கிள் ஏற்றினோமே, பார்த்தீர்களா? சக்கரத்தைக் கழற்றி வைத்தால் அது சைக்கிள் இல்லை, சைக்கிளின் பாகங்கள்தான் என்று கண்டக்டரிடம் வாதாடி ஏற்றியதே நான்தான். அவள் பக்கத்தில் பேசாமல் நின்றாள். அந்தச் சைக்கிளால்தான் எல்லாம். இல்லை, தப்பு. சைக்கிள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் ஊர் வடக்குத் தெரு பொங்கல் விழாக் குழுவால்தான் எல்லாம்.

ஸ்லோ சைக்கிள் ரேஸ் தெரியும்தானே? எல்லா ஊரிலும் பொங்கலுக்கு வைப்பார்கள். சுண்ணாம்பால் பாதை போட்டிருக்கும். கால் ஊனாமல், கோட்டை விட்டு வெளியே போகாமல், யார் கடைசியாக வந்து சேர்கிறார்களோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள். முப்பிக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அதில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சும்மா இல்லை அக்கா. அவளுடைய அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் பழகிக்கொண்டே இருப்பாளாம். இரண்டு வீடு தாண்டுவதற்குள் அவள் அம்மா சோற்றை வடித்து இறக்கிவிடுவாராம். அப்படி ஒரு மெதுவு. ஆனால் போட்டியில் ஆண்கள் மட்டும். பெண்களுக்கு என்ன தெரியுமா? மியூசிக்கல் சேர். ஸ்பூனில் எலுமிச்சம்பழம். பாட்டிலில் தண்ணீர் நிரப்புவது. வீட்டில் நாள் முழுக்க நிரப்புவது போதாது என்று விழாவிலும் நிரப்ப வேண்டும்!

இவள் அதை என்னிடம் போன தீபாவளி லீவு முடிந்து வந்தபோதுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் எனக்குக் கோபம். ஒரு அநியாயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? அடுத்த சனிக்கிழமையே அவள் ஊருக்குப் போனோம். விழாக் குழுச் செயலாளர் சண்முகையா அண்ணாச்சி. உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர் என்று முப்பி சொன்னாள். நல்ல மனிதர்களிடம் பேசுவதுதான் அக்கா மிகவும் கஷ்டம். "பொம்பளப் பிள்ள விழுந்துட்டா யாரும்மா பதில் சொல்லுறது?" என்றார். "தினமும் காலையில் உங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எதில் போகிறார்கள்? பல்லக்கிலா?" என்றேன். அவர் கடைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். கடைசியில் அவர், "சரி தாயி. ஒரு பிள்ள. இந்த வருசம் முப்பிடாதி ஓட்டட்டும். சண்ட சத்தம் இல்லாம நடந்தா அடுத்த வருசத்துலருந்து எல்லாப் பிள்ளையளும் ஓட்டட்டும்" என்றார்.

கவனியுங்கள், நான் வாங்கிக் கொடுத்தது அது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து வாங்க முடியாததை நான் ஒரு பிற்பகலில் வாங்கிக் கொடுத்தேன். வரும் வழியில் அவள் பஸ்ஸில் அழுதாள். என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். இன்றைக்கு ஜன்னல் சேரவில்லை.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். அவள் என்ன சொன்னாள் என்றால், "சாதா சைக்கிள்லயே நான் ஜெயிச்சுருவேன்டி" என்றாள். எனக்கு அது போதாது. பெண் என்று ஒருத்தியை உள்ளே விட்டிருக்கிறார்கள். அவள் மயிரிழையில் ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். யாரும் வாயைத் திறக்க முடியாதபடி ஜெயிக்க வேண்டும், இல்லையா? எங்கள் துறை சீனியர் ஒருத்தர் சைக்கிள் கிளப்பில் இருக்கிறார். கியர் இல்லாத, ப்ரீவீலும் இல்லாத ஒரு வகைச் சைக்கிளைப் பற்றி அவர்தான் சொன்னார். நீங்கள் சைக்கிளில் பெடலை நிறுத்தினால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தத்தோடு தானாக உருண்டு போகும் இல்லையா? அந்தச் சத்தம் ப்ரீவீல். அதைப் பூட்டிவிட்டால் காலும் சக்கரமும் ஒன்று. முன்னால் மிதித்தால் முன்னால். பின்னால் மிதித்தால் பின்னால். காலை அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஸ்லோ ரேஸுக்கென்றே செய்தது மாதிரி இல்லை?

பழைய இரும்புக்கடையில் ஒரு ஜென்ட்ஸ் சைக்கிள் பிரேம் எடுத்தோம். கேரியர், மட்கார்டு, செயின் கவர், லைட்டு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டோம். விடுதி வராந்தாவில் வைத்துத்தான் வேலை. நான் யோசனை, அவள் ஸ்பானர். இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவள் சக்கரத்தைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிவிட்டு, சாக்பீஸைப் பிடித்து எங்கே உரசுகிறது என்று பார்த்துக் கம்பி கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பேன். பெண்களும் பொதுவெளியும் என்று ஒரு கட்டுரைக்கு வேண்டியது முழுவதையும் அந்த வராந்தாவிலேயே பேசிவிட்டேன். கை எல்லாம் கிரீஸோடு அவள் "ம்" என்பாள். விடுதிப் பெண்கள் கடந்து போகும்போது "என்னட்டி, கம்பெனி ஆரம்பிச்சாச்சா?" என்பார்கள். வார்டன் மேடம் மட்டும் அது விடுதி விதிக்குப் புறம்பு என்றார். எந்த விதி என்று கேட்டேன். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று போனவர், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ப்ரீவீலை வெல்டு வைத்துப் பூட்டக் கொண்டுபோனால், பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஓடுற சாமானப் போய்ப் பூட்டச் சொல்லுதிய? அதுக்கு அம்மியிலயே ஏறி உக்காந்துக்கலாமே!" என்றார். நான் அவருக்கு விளக்கினேன். அவர் பாதியிலேயே கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு வெல்டிங்கை ஆரம்பித்துவிட்டார். தீப்பொறி பறக்கும்போது ஆள் பேச முடியாது, தெரிந்துதான் செய்திருப்பார்.

முதல் நாள் ஓட்டியது நான். விடுதித் தண்ணீர்த் தொட்டிச் சரிவில் இறங்கும்போது பழக்க தோஷத்தில் காலை நிறுத்தினேன். சைக்கிள் நிறுத்தவில்லை. பெடல் காலைத் தூக்கி எறிந்து, நான் குரோட்டன்ஸ் செடிக்குள் கிடந்தேன். முப்பி சிரித்தாள். மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவள் ஏறினாள். ஒரு வாரத்தில் அந்தச் சைக்கிள் அவள் சொன்னபடி கேட்டது. முன்சக்கரத்தை லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு விரல் முன்னால், ஒரு விரல் பின்னால், அப்படியே நிற்பாள். மெஸ்ஸில் மணி அடித்து எல்லாரும் வரிசையில் நின்று தட்டு வாங்குகிறவரை நிற்பாள். நிற்கும்போது பேச மாட்டாள். நாம் பேசினாலும் காதில் விழாது. எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான்.

நேற்றுத்தான் போட்டி. பொங்கலுக்கு மறுநாள். காளியம்மன் கோவில் முன்னால் பொட்டல். வெயில். ஒலிபெருக்கியில் பாட்டு. வடக்குத் தெருப் பொம்பளைப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. முப்பி ஓட்டுவதைப் பார்க்கவென்றே வந்தவர்கள். சைக்கிளைப் பார்த்ததும் பையன்கள், "என்னலே இது, தோல உரிச்ச ஆடு மாதிரி இருக்கு" என்றார்கள். சண்முகையா அண்ணாச்சி மைக்கில் விதியைச் சொன்னார். காலை ஊனினால் அவுட். கோட்டைத் தாண்டிப் பக்கத்துப் பாதைக்குப் போனால் அவுட். கடைசியாக வருபவர் வெற்றி. அவ்வளவுதான் அக்கா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

விசில் அடித்ததும் பாதிப் பேர் அங்கேயே சாய்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். முப்பியும் கோமதிநாயகமும். கோமதிநாயகம் அந்தத் தெருவில் மூன்று வருடமாக ஜெயிக்கிற ஆள். பால் வண்டிக்காரர். கேனைக் கட்டிக்கொண்டு ஓட்டி ஓட்டி அவருக்கு அந்த நிதானம் வந்திருக்கிறது. அவர் நெளிந்து நெளிந்து வருகிறார். முப்பி முடிவுக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள். பாட்டுப் போடுகிறவன்கூடப் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கோமதிநாயகம் அவளைப் பார்த்தார், தன் சக்கரத்தைப் பார்த்தார், முடிந்த மட்டும் இழுத்தார், கோட்டைத் தாண்டிவிட்டார்.

முடிந்தது. அவள் ஒரு மிதி மிதித்தால் போதும். தொட்டி மேலிருந்த பிள்ளைகள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருத்தன், "நிக்கிறதுக்குப் பேரு சைக்கிள் ஓட்டுறதா, ஏலே?" என்று கத்தினான். இன்னொருத்தன் "சைக்கிள்ல கள்ளத்தனம் இருக்கு அண்ணாச்சி" என்றான். சண்முகையா அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு, "ஏம்மா, வண்டி நகரணும்லா? நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?" என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "சரி, முதலில் தாண்டட்டும், பிறகு பேசலாம்" என்றா? அங்கேதான் அக்கா எல்லாரும் ஏமாறுகிறார்கள்! தாண்டிவிட்டால் போட்டி முடிந்துவிடும். பிறகு அவர்கள் ஒன்றுகூடிப் பேசி, டீ குடித்து, பரிசைக் கோமதிநாயகத்துக்குக் கொடுப்பார்கள். அவள் தாண்டாதவரை போட்டி முடியவில்லை. முடியாத போட்டிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு அந்த நொடியில் அது பளிச்சென்று தெரிந்தது. "முப்பி, தாண்டாதே!" என்று கத்திக்கொண்டு கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன்.

அவள் தாண்டவில்லை. அப்படியே நின்றாள்.

நான் கேட்டேன்: "நிற்கக் கூடாது என்று எந்த விதி?" அண்ணாச்சி, "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானம்மா" என்றார். எல்லாருக்கும் தெரிந்தது! எல்லாருக்கும் தெரிந்தது என்று சொல்லித்தானே இத்தனை வருடமாக எங்களைத் தண்ணீர் நிரப்ப வைத்தார்கள்? அதைச் சொன்னேன். கைதட்டல் வந்தது. பொய் சொல்லவில்லை, நிறையப் பெண்கள் தட்டினார்கள். பிறகு கள்ளத்தனம் என்றவனைக் கூப்பிட்டேன். ப்ரீவீல் என்றால் என்ன, அதை ஏன் பூட்டினோம், கியர் இல்லாத சைக்கிளில் இது ஒரு வகை, உலகம் முழுக்க இப்படி ஓட்டுகிறார்கள் என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி விளக்கினேன். அவர்கள் சைக்கிள் ஒன்றையே கவிழ்த்துப் போடச் சொல்லி, சக்கரத்தைச் சுற்றிக் காட்டி விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டார்கள். ஒரு பெரியவர் சந்தேகம்கூடக் கேட்டார், அப்படியென்றால் பள்ளத்தில் இறங்கும்போது என்ன செய்வீர்கள் என்று. அதற்கும் பதில் சொன்னேன்.

அதற்குள் கோமதிநாயகம் பெரிய மனிதர் மாதிரி வந்து, "அண்ணாச்சி, அந்தப் பிள்ள ஜெயிச்சுட்டு. நான் பாத்தேன்லா. விட்டுருங்க" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. விட்டுருங்களாம்! நீங்கள் யார் விட்டுக்கொடுக்க? இது உங்கள் தோட்டத்து மாங்காயா? பிச்சையாக வேண்டாம், உரிமையாக வேண்டும் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போய்த் தன் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கடைசியில் அண்ணாச்சி இறங்கி வந்தார். "சரி தாயி. உன்ன ஜெயிக்க முடியாது. தாண்டச் சொல்லு. முப்பிடாதிதான் ஜெயிச்சா" என்றார்.

என்ன? அத்தோடு விட்டிருக்கலாம் என்கிறீர்களா? எப்படி அக்கா விடுவது? வாய்க்கும் காதுக்கும் நடுவில் சொன்ன வார்த்தை அது. நாளைக்கு இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? "மைக்கில் சொல்லுங்கள்" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். நின்றாலும் செல்லும் என்று சொல்லுங்கள், பூட்டிய சக்கரமும் சைக்கிள்தான் என்று சொல்லுங்கள், அடுத்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் ஓட்டலாம் என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றே வாக்கியம். அவரும் சரி என்றுதான் போனார். மைக்செட்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். அவன் வந்து ஒயரைச் சொருகினான். கீச்சென்று கத்தியது. ஹலோ ஹலோ என்றான். அண்ணாச்சி மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். "வடக்குத் தெருப் பொதுமக்கள் அனைவருக்கும் விழாக் குழுவின் சார்பில்" என்று ஆரம்பித்துவிட்டார் அக்கா! ஆரம்பித்துவிட்டார்! இன்னும் மூன்றே வாக்கியம்!

அவள் காலை ஊனிவிட்டாள்.

எனக்குப் பின்னால் சைக்கிள் சாய்கிற சத்தம்தான் கேட்டது. திரும்பினால் மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம் "ஓ" என்றது. அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "நீயே சொல்லும்மா. விதி விதின்னியே. காலை ஊனினா என்ன?"

பொட்டல் முழுக்க என்னைப் பார்க்கிறது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மழுப்பியிருப்பேன் என்றா? நான் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்குச் சாதகமாக இருக்கும்போது விதியைப் பிடித்துக்கொண்டு, பாதகமாக வரும்போது விட்டுவிடுகிற ஆள் இல்லை நான்.

"அவுட்" என்றேன்.

நான் நியாயமாக நடந்துகொண்டேன் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள். சொந்தத் தோழி அக்கா. சொந்தக் கையால் செய்த சைக்கிள். அவுட் என்று வாயைத் திறந்து நான் சொன்னேன்.

அப்புறம் அவர்கள் புத்தியைக் காட்டினார்கள். "இதுக்குத்தாம்மா வேண்டாம்னேன். சண்ட சத்தம் இல்லாம நடக்கணும்னு சொன்னேன்லா. அடுத்த வருசம் பழையபடி மியூசிக்கல் சேரே இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். தொட்டி மேலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தராக இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் முப்பியிடம் போய், "அப்ப அடுத்த வருசம் கெடயாதாக்கா?" என்று கேட்டது. முப்பி அதன் தலையில் கை வைத்தாள். பதில் சொல்லியிருக்க வேண்டும்! உண்டு, போராடி வாங்குவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்விட்டது.

யார் பரிசை வாங்கினார்கள் என்று கேட்கிறீர்களா? கோமதிநாயகம். மேடைக்குப் போகமாட்டேன் என்றாராம். இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே என்ன நடந்தது தெரியுமா? ஒருத்தராவது விழாக் குழு மீது கோபப்பட வேண்டாமா? அவள் அம்மா அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவள் அண்ணன் சைக்கிளை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டான். நான் எல்லாருக்கும் நடந்ததை விளக்கினேன். மாவட்ட அளவில் மனுக் கொடுக்கலாம் என்றேன். அவள் அம்மா நிமிர்ந்து பார்த்து, "நீ சாப்பிடு பிள்ளே. பேசிப் பேசிக் களச்சிருப்பே" என்றார். பாசமான மனுஷி. இரண்டு தடவை சோறு வைத்தார். அவள் சாப்பிடவில்லை.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது, மூன்று வாக்கியம் அக்கா, மூன்றே வாக்கியம் பொறுத்திருக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். குற்றமாகச் சொல்லவில்லை, ஆராய்ந்து பார்க்கிற முறையில் சொன்னேன். மெஸ் வரிசை முடிகிறவரை நிற்கிறவளால் அங்கே நிற்க முடியவில்லையா? மனத் திடம் வேண்டாமா? அவ்வளவுதான் கேட்டேன். அதற்குத்தான் ஜன்னல் சேரவில்லை.

என்ன கேட்டீர்கள்? கால் எப்படி இருக்கிறதா? யாருக்கு? ஓ, அவளுக்கு. இருக்கிறது. கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நரம்பு இழுத்துக்கொண்டது என்றார்கள். அது இல்லை அக்கா விஷயம். நீங்களும் அவள் அம்மா மாதிரியே காலுக்குப் போகிறீர்கள். இத்தனை பேர் வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரு கதவு திறந்தது, அது மூடிவிட்டது. யாரால் மூடியது? அதுதான் கேள்வி. நான் காலையிலிருந்து எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன். குழுவால். அந்தக் கூட்டத்தில் கத்தினவனால். மைக்செட்காரன் டீ குடிக்கப் போகாமல் இருந்திருந்தால்கூட முடிந்திருக்கும். கொஞ்சம் அவளாலும்தான். நான் பாரபட்சம் பார்க்காமல் சொல்கிறேன்.

அடுத்தது எங்கள் ஸ்டாப். யுனிவர்சிட்டி விலக்கு. பாருங்கள், அவள் எழுந்துவிட்டாள். என்னைக் கூப்பிடுகிறாளா என்று பாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். இந்தப் பக்கம்தான் வருகிறாள். சரி, வரட்டும். நான் முதலில் பேச மாட்டேன்.

"அக்கா, சீட்டு மாத்திக் குடுத்ததுக்கு நன்றிக்கா. ஸ்டாப் வந்துட்டுன்னு அவட்ட சொல்லுங்க."

கேட்டீர்களா? உங்களிடம் சொல்கிறாள்! நான் இங்கேயே இருக்கிறேன், உங்களிடம் சொல்கிறாள். நல்லது. எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லுங்கள், அக்கா. விலக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும் என்று சொல்லுங்கள்.

"இன்னொண்ணும் கேளுங்கக்கா. சங்கரன்கோவில்லருந்து இவ சொல்லிட்டு வந்தது எல்லாம் என் காதுலயும் விழுந்துச்சு. அண்ணாச்சி முகம், கோமதி அண்ணன் முகம், மைக்செட்காரன் வரைக்கும் சொல்லிட்டா. நான் அங்க நின்ன நேரம் பூரா என் முகத்த ஒரு தடவ பாத்தாளான்னு மட்டும் கேளுங்க."

பார்த்தேன். பார்த்தேனே. பார்க்காமல் எப்படி இருப்பேன், அக்கா, நான் அங்கேயேதானே நின்றேன்? அவள் கோட்டுக்குப் பக்கத்தில். நான் மேடையைப் பார்த்து. மேடை எதிர்ப்பக்கம். அண்ணாச்சியிடம் பேசும்போது அண்ணாச்சியைத்தான் பார்க்க வேண்டும். நான் அவளுக்காகத்தான் பேசினேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று அர்த்தமில்லை. அதாவது, நின்றது அப்படித்தான். ஆனால் அதற்கு...

முப்பி. ஏய், முப்பி!

போய்விட்டாள். இறங்கிவிட்டாள். இதற்குப் பதில் இருக்கிறது, அக்கா. இருக்கிறது. ஒரு நிமிடம் கொடுங்கள், எனக்கு வந்துவிடும்.

அண்ணே, விசில் அடிக்காதீங்க, ஆள் இறங்கணும்! டிக்கியில சைக்கிள் இருக்கு! ஏறும்போதே சொன்னேன்லா!

அதோ, கீழே டிக்கி கிட்ட நிற்கிறாள். பாருங்கள், எப்படி நிற்கிறாள் என்று. பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு. இடது கால் தரையில் படவே இல்லை.

கொஞ்சம் காலை மடக்குங்கள், அக்கா. நான் போக வேண்டும்.